67 நிமிடங்கள்

அன்புள்ள ஐயா,

மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் சுருக்கெழுத்தராக 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அமெரிக்காவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் இங்கே ஒரு கொலை வழக்கைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தோம். வாதங்கள் முடிந்து, தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த ஜூரிகள் உள்ளே போன பிறகு, இரண்டு நாட்கள் நீதிமன்றக் கட்டடத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ எவரோ, ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் இருந்தபோது தீர்ப்பு எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தட்டச்சு செய்து கொடுப்பவளே நான்தான். வீட்டில்கூட வாயைத் திறக்க மாட்டேன். காலையில் வராந்தாவில் காத்துக் கிடப்பவர்களை நிமிர்ந்து பார்க்காமல் போய் என் இடத்தில் உட்கார்ந்துவிடுவேன். காத்திருப்பவர்களின் பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஜூரி சீக்கிரம் வந்தால் இன்ன தீர்ப்பு, தாமதமானால் இன்ன தீர்ப்பு என்று இங்கே நிபுணர்கள் சொல்கிறார்களே, அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? நம் ஊரிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்ததாமே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள அம்மா,

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வராந்தாவில் காத்துக் கிடப்பவர்களை நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க வழக்கறிஞர்களிடையே இதையொட்டிய பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. திரும்பி வரும் ஜூரிகள் குற்றம்சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்த்தால் விடுதலை. தரையைப் பார்த்துக்கொண்டு வந்தால் தண்டனை. விடுதலைத் தீர்ப்பைத் தட்டச்சு செய்து வைத்த நாட்களிலும் நீங்கள் தரையைப் பார்த்துத்தானே நடந்திருப்பீர்கள்? ரகசியம் சுமப்பவர்களின் நடையே அப்படித்தான். அதை வைத்துத் தீர்ப்பைச் சொல்வதும் பல்லி விழும் பலன் பார்ப்பதும் ஒன்று.

கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் ஆரூடமும் அதே ரகம். 1954-இல் கிளீவ்லாந்து நகரத்தருகே டாக்டர் சாம் ஷெப்பர்டின் மனைவி கொல்லப்பட்டார். கணவர்தான் கொன்றார் என்று வழக்கு. ஜூரி டிசம்பர் 17-இல் உள்ளே போனது, 21-இல்தான் முடிவோடு வந்தது. ஐந்து நாள் யோசித்தவர்கள் தவறியிருக்க மாட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். குற்றவாளி என்றார்கள். பத்தாண்டுகளுக்கும் மேல் கழிந்து, 1966-இல், பத்திரிகைகளின் கூச்சலில் நடந்த விசாரணை அது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணையில் வேறொரு ஜூரி அவரை விடுவித்தது.

முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் வழக்கில் இதற்கு நேர்மாறு. ஜூரிகளை வீட்டுக்கு அனுப்பாமல் ஓட்டலில் 265 நாட்கள் அடைத்து வைத்திருந்தார்கள். 1995 அக்டோபர் 2-இல் பேச உட்கார்ந்தவர்கள் நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஆனால் தீர்ப்பை மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வாசிக்க வேண்டும் என்று நீதிபதி லான்ஸ் இட்டோ உத்தரவிட்டார். அந்த இரவு உங்களுக்குப் பழக்கமான இரவு அம்மா. தீர்ப்பு தாளில் ஏறி உறைக்குள் போய்விட்டது. 12 பேருக்குத் தெரியும். சிம்ப்சனுக்குத் தெரியாது; கொல்லப்பட்ட இருவரின் வீட்டாருக்கும் தெரியாது. இத்தனை சீக்கிரம் வந்துவிட்டார்களே, தண்டனைதான் என்று தொலைக்காட்சியில் பலர் அடித்துச் சொன்னார்கள். காலையில் உறையைப் பிரித்து வாசித்த நீதிமன்ற எழுத்தர் சிம்ப்சனின் முழுப்பெயரில் நாக்கு தடுமாறினார். பிறகு வாசித்தார்: குற்றவாளி அல்ல. தடுமாறிய அந்த எழுத்தரை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யார்?

நம் ஊர் ஜூரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945-இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என். எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றது சென்னை உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த ஒன்பது பேர் கொண்ட ஜூரிதான். ஆறு பேர் ஆம் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். அமெரிக்காவில் பன்னிரண்டு பேரும் ஒருமனதாக வர வேண்டும். இங்கே அப்போது பெரும்பான்மை போதுமாக இருந்தது. 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியைக் கொலை வழக்கிலிருந்து ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுவித்தபோது நீதிபதியே அதை ஏற்க மறுத்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அந்த வழக்கோடு ஜூரி முறையே ஒழிந்தது என்பார்கள். அப்படியில்லை, சில இடங்களில் பிறகும் நீடித்தது. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் அதற்கு இடமில்லாமல் போனது. இப்போது நமக்கு மிஞ்சியிருப்பது வாய்தா. அதிலாவது ஒரு தேதி உண்டு. சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறலாம். ஜூரி அறைக் கதவுக்குத் தேதியும் இல்லை, நேரமும் இல்லை. உங்களுக்குச் சோறு இறங்காமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு இந்த விஷயத்தில் மறக்கவே முடியாத ஊர் ஒன்று இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் சம்னர். 1955 செப்டம்பர்.

சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், மளிகைக் கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டான் என்று சொல்லி, அவளுடைய கணவன் ராய் பிரையன்ட்டும் அவனுடைய அண்ணன் ஜே. டபிள்யூ. மைலமும் இரவில் வந்து தூக்கிப் போனார்கள். மூன்று நாள் கழித்து டலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. பஞ்சு அரவை ஆலையின் கனத்த இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் போட்டிருந்தார்கள். முகம் முகமாக இல்லை. தாய் மேமி டில், சவப்பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும், ஊர் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

சம்னர் நீதிமன்றத்தில் ஜூரிகள் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களிலிருந்துதான் ஜூரியை எடுப்பார்கள். கறுப்பினத்தவரைப் பட்டியலிலேயே சேர விடவில்லை. பெண்களுக்கு அந்த மாநிலத்தில் ஜூரியாகும் உரிமையே அப்போது கிடையாது. கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கு ஓரமாகச் சீட்டாட்ட மேசை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். சிறுவனின் பாட்டனார் முறையான மோசஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, என் வீட்டுக்கு வந்தவர்கள் இவர்கள்தான் என்று விரலை நீட்டிக் காட்டினார். அந்த மண்ணில் ஒரு கறுப்பர் வெள்ளையனை நோக்கி விரல் நீட்டுவது எத்தகைய செயல் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பிறகு மேமி வந்தார். ஆற்றில் கிடைத்தது என் மகன்தான் என்றார். உடலோடு கிடைத்த மோதிரம் எம்மெட்டின் அப்பாவுடையது, அவருடைய பெயரின் முதலெழுத்துகள் அதில் இருந்தன. அது சிறுவனின் உடலே இல்லை என்று வாதிட்டது எதிர்த்தரப்பு. அதற்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவர் அந்த மாவட்டத்தின் காவல் தலைவரான ஷெரீஃப்.

செப்டம்பர் 23-இல் ஜூரி உள்ளே போனது. 67 நிமிடங்களில் வெளியே வந்தது. குற்றவாளிகள் அல்ல. நடுவில் சோடா குடிக்க நிறுத்தியிருக்காவிட்டால் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஜூரிகளில் ஒருவர் பின்னால் சொன்னார். வெளியே சிலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள், நேரமாகிறதே, உள்ளே யாரோ ஒருவர் மறுக்கிறாரோ என்று ஆசைப்பட்டிருப்பார்கள். உள்ளே சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். கதவு மூடியிருப்பதற்கு நாம் எத்தனை அர்த்தங்களை ஏற்றிவிடுகிறோம்!

நான்கு மாதங்களில் அந்த இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது நாங்கள்தான் என்று சொன்னார்கள். ஜூரி ஒருமுறை விடுவித்தவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவர் அந்த இருவருமல்ல, மோசஸ் ரைட்டும் அல்ல. ஜூரி திரும்பி வந்தபோது மேமி டில் நீதிமன்றத்திலேயே இல்லை அம்மா. அந்தத் தீர்ப்புக்காக உட்கார்ந்திருக்க அவரைவிட உரிமை உள்ளவர் எவருமில்லை. அவரோ ஜூரி உள்ளே போனதும் போகலாம் என்று எழுந்துவிட்டார். வழக்கைப் பார்க்க வந்திருந்த சார்லஸ் டிக்ஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் உடன் கிளம்பினார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் நிறுவிய மவுண்ட் பயூ என்ற ஊரில் மேமி தங்கியிருந்தார். அங்கே போகும் வழியில், கார் வானொலியில்தான் தீர்ப்பைக் கேட்டார்.

அடுத்த முறை அந்தக் கட்டடத்தைக் காட்டும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள். மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.