கையெழுத்துப் போட்ட வைரஸ்கள்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் சிறிய நூல் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் காலை கணினியில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. மூன்று வருடக் கணக்கு. பணம் கட்டினால் சாவி தருவதாக ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. நான் கட்டவில்லை. பழைய பில் கட்டுகளைப் பார்த்து மகளும் நானும் மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறோம். முன்பின் தெரியாத என்னை ஒருவன் ஏன் கெடுக்க வேண்டும்? ஆன்டி வைரஸ் விற்பவர்களே வைரஸையும் எழுதுகிறார்கள் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். இன்னொன்று, பரிசு விழுந்திருப்பதாக எழுத்துப் பிழையோடு மின்னஞ்சல் அனுப்புகிறவன் நம்மை முட்டாள் என்றா நினைக்கிறான்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

பில் கட்டுகளை எடைக்குப் போடாமல் வைத்திருந்தீர்களே, அதற்கு முதலில் ஒரு வணக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு மாலை கருப்புத் திரையில் ஒரு புள்ளி பந்துபோலத் துள்ள ஆரம்பித்தது. எழுத்துகளின் மேல் மோதித் திரும்பியது, ஓரத்தில் பட்டுத் தெறித்தது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எழுதியவன்மீது எனக்கு வந்தது கோபமல்ல, பொறாமை. எங்கோ உட்கார்ந்து ஒருவன் எழுதியது எங்கள் ஊர் அச்சகம்வரை நடந்து வந்திருக்கிறதே!

அந்தக் காலத்து வைரஸ்காரர்களுக்கு இந்த ஆசைதான் பெரிது. அதனால் பெயர் போட்டுக்கொண்டார்கள். 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸுக்குள் அவர்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. தங்கள் மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களுக்காக எழுதியது என்றார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அவ்வளவு விவரம் இருக்காது.

1989இல் பல்கேரியாவிலிருந்து ஒன்று வந்தது. 'டார்க் அவெஞ்சர்' என்ற புனைபெயரும், சோஃபியா நகரில் எழுதப்பட்டது என்ற வரியும் அதற்குள் இருந்தன. அன்றைய சோவியத் அணியில் கணினித் தொழிற்சாலை நடத்திய நாடு பல்கேரியா. கற்றுத் தேர்ந்த இளைஞர்கள் ஏராளம், அந்தக் கல்விக்கு ஏற்ற வேலைதான் இல்லை. கொடூரமான வைரஸ் அது. வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்ல அழிக்கும். தெரியவரும்போது நகல்களும் கெட்டிருக்கும். சும்மா இருந்த மூளையின் வேலை என்று இதைச் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. அதில் வன்மமும் இருந்தது.

2000ஆம் ஆண்டு மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' உங்களுக்கு நினைவிருக்கலாம். எழுதியவர் ஓனெல் டி குஸ்மான் என்ற மாணவர். இணையக் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் பிறருடைய கடவுச்சொல்லை எடுத்துப் பயன்படுத்த ஒரு நிரல் எழுதுகிறேன் என்று கல்லூரித் திட்டத்திலேயே கேட்டவர்; கல்லூரி மறுத்துவிட்டது. அந்த வைரஸின் தொடக்க வரிகளில் ஊர் பெயர் இருக்கிறது, கூடவே 'பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை' என்று உடைந்த ஆங்கிலத்தில் ஒரு முணுமுணுப்பு. அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மின்னஞ்சலையே நிறுத்த வைத்தது. அன்று பிலிப்பைன்ஸில் இதற்குச் சட்டம் இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது அவர் மணிலாவில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பரவும் என்று நினைக்கவில்லை என்றார்.

உங்கள் கணினிக்கு வந்ததில் எவருடைய பெயரும் இருந்திருக்காது. பணம் உள்ளே வந்ததும் கையெழுத்து வெளியே போய்விட்டது. கோப்பைப் பூட்டிக் காசு கேட்கும் யோசனையே பழையது. 1989இல் ஜோசப் பாப் என்ற உயிரியலாளர் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று வட்டுகளைத் தபாலில் அனுப்பி, 189 டாலரைப் பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பச் சொன்னார். மாட்டிக்கொண்டார். காசை வாங்கும் இடத்தில்தான் இந்த வகைத் திருடனுக்கு ஆபத்து அதிகம். பெயர் சொல்லாமலே வாங்கிக்கொள்ளக்கூடிய இணையப் பணமான பிட்காயின் வந்து அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவைத்தது. இன்று ஒருவன் எழுதுகிறான், இன்னொருவன் அதை வாங்கிப் பூட்டை உடைக்கிறான், வசூலில் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். நிலத்தை வாரத்துக்கு விட்டு விளைச்சலைப் பங்கிடுவது போலத்தான் இது. 'ஏன் என்னை' என்று கேட்கிறீர்கள். உங்கள் கடையில் விற்பது நூலா நெல்லா என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. திறந்து கிடந்த கதவுகளில் ஒன்று உங்களுடையது, அவ்வளவுதான்.

மைத்துனரின் வாதத்துக்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. இத்தனை பேர் தாங்களாகவே எழுதித் தள்ளும்போது விற்பவர் எதற்கு மெனக்கெட வேண்டும்? ஆனால் பயத்தை விற்றார்கள். 1992இல் 'மைக்கலாஞ்சலோ' வைரஸால் ஐம்பது லட்சம் கணினிகள்வரை சாகக்கூடும் என்ற பேச்சு கிளம்பியது. நடந்தது அதில் மிகச் சிறு பங்கு. ஆன்டி வைரஸ் மட்டும் நன்றாக விற்றது.

பரிசு மின்னஞ்சலுக்கு வருகிறேன். 2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிறர் கணினிகளைக் கைப்பற்றி நடத்தப்பட்ட ஒரு குப்பை அஞ்சல் வலைக்குள் புகுந்து, மருந்து விளம்பரங்களைத் தங்கள் போலிக் கடைக்குத் திருப்பிவிட்டுக் கணக்கெடுத்தார்கள். 26 நாளில் ஏறத்தாழ 35 கோடி அஞ்சல்கள். வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். நம் ஊரில் துண்டுப் பிரசுரம் அடிப்பவர் இந்தக் கணக்கில் முதல் வாரமே கடையை மூடியிருப்பார். இங்கே அஞ்சல் செலவு ஏறக்குறைய இல்லை. மின்சாரமும் கணினியும் கூட அடுத்தவருடையவை.

எழுத்துப் பிழைக்கும் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012இல் இதைப் பற்றி எழுதினார். அஞ்சல் அனுப்புவதில் செலவில்லை. பதில் போட்டவரோடு வாரக்கணக்கில் பேசுவதில்தான் உழைப்பு போகிறது. பாதியில் சந்தேகப்படுகிறவர் அவனுக்கு நஷ்டம். அதனால் கடிதத்தை அபத்தமாக எழுதி, உங்களைப் போன்றவர்களை வாசலிலேயே கழித்துவிடுகிறான். உங்களை அவன் முட்டாள் என்று நினைக்கவில்லை, சரவணன். முட்டாள் இல்லை என்று தெரிந்துகொண்டு நகர்ந்துவிடுகிறான்.

இதுவரை புகார் செய்யவில்லையென்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். பூட்டிய கோப்புகளை அழிக்க வேண்டாம். சில கும்பல்கள் பிடிபடும்போது சாவிகள் வெளிவருகின்றன. ஐரோப்பியக் காவல்துறை பங்கேற்று நடத்தும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கும். மகள் ஒவ்வொரு வருடக் கணக்கை ஏற்றி முடித்ததும் தனி வட்டில் நகல் எடுத்து, இணைப்பைக் கழற்றி, அந்தப் பில் கட்டுகளோடு அலமாரியில் வைத்துவிடட்டும்.