ஹாரோ உரிமத்தை வைத்துப் பிரென்ட்டில் பழைய இரும்பு எடுக்கலாமா?

வணக்கம். லண்டனின் ஹாரோ கவுன்சிலிடம் (உள்ளாட்சி மன்றத்திடம்) சேகரிப்பாளர் உரிமம் பெற்று வேனில் தெருத்தெருவாகப் பழைய இரும்பு எடுக்கும் நீங்கள், பக்கத்திலுள்ள பிரென்ட் பகுதி வீடுகளிலும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. 2013ஆம் ஆண்டின் பழைய உலோக வணிகர் சட்டப்படி, அந்த உரிமம் அதை வழங்கிய கவுன்சிலின் எல்லைக்குள் மட்டுமே செல்லும்; பிரென்ட் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பித்து உரிமம் பெற்று, வெளியே நிற்பவர் எளிதில் படிக்கும்படி அதன் நகலையும் வேனில் ஒட்டியாக வேண்டும்.

பத்துப் பவுண்டு நோட்டைக் கொடுத்துச் சலவை இயந்திரத்தை ஏற்றி வந்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. தொகை எவ்வளவு சிறியதானாலும் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பது குற்றம். வங்கிப் பரிமாற்றமோ, வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாத காசோலையோதான் செல்லும். விற்பவரின் பெயரையும் முகவரியையும் சான்று பார்த்து உறுதிசெய்து, அந்தப் பதிவை 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும்.

உரிமத்தின் ஆயுளும் 3 ஆண்டுகளே. புதுப்பிக்கும்போது, டாக்சி ஓட்டுநர்களிடம் கேட்பதைப் போலவே, நீங்கள் வரிக்குப் பதிவு செய்திருப்பதைக் காட்டும் வரித் துறையின் சரிபார்ப்புக் குறியீட்டை 2022 ஏப்ரல் முதல் உங்கள் தொழிலிலும் கேட்கிறார்கள். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். பிரென்ட்டின் தொகையைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.