விவசாயத் தொழிற்பயிற்சியும் வேலைச் சந்தையும்: கேள்வி பதில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் விவசாயத் தொழிற்பயிற்சி நெறிகளைக் கற்பித்தும், பயிலுநர்களை மதிப்பிட்டும் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கோண்டாவில், பயிற்றுநர்: ஐயா, பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

புத்தகத்திலிருந்து அல்ல, வேலையிலிருந்து தொடங்க வேண்டும். 1960களின் பிற்பகுதியில் கனடாவில் உருவான 'டாக்கம்' என்ற முறை இதற்கு இன்றும் உதவும். ஒரு தொழிலைத் திறமையாகச் செய்பவர்களில் பத்துப் பேரளவில் அழைத்து, இரண்டு மூன்று நாள் ஒன்றாக இருத்தி, அவர்கள் செய்யும் கடமைகளையும் அவற்றுக்குள் அடங்கும் பணிகளையும் அவர்கள் வாயாலேயே வரிசைப்படுத்தச் செய்வதே அதன் சாரம். நீர்வேலியின் வாழைத் தோட்டக்காரர், நாற்றுமேடை நடத்துபவர், சொட்டு நீர்ப்பாசனக் குழாய் பொருத்துபவர், கிருமிநாசினிக் கடைக்காரர், மருதனார்மடம் சந்தையில் மொத்தமாக வாங்குபவர் ஆகியோர் அந்த மேசையில் இருக்க வேண்டும். அதிகாரிகள் மட்டும் கூடி எழுதும் பட்டியல் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

தேசியத் தகுதி நியமங்கள் கொழும்பில் தீர்மானிக்கப்படுபவை. தனியொரு பயிற்சி நிலையம் அவற்றை மாற்ற முடியாது. ஆனால் எந்தப் பயிரை எடுத்துக்காட்டாக வைப்பது, செய்முறைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது, பயிலுநரை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்பவை பயிற்றுநரின் கையில் உள்ளன. பயிற்சிக்கும் வேலைக்கும் இடையே இங்குள்ள பொருத்தமின்மையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பது என் கணிப்பு.

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரை நம்பி விளைகின்றன. அந்த நீரோ சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில், உவர் நீருக்கு மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமாக நிற்கிறது. வடகீழ்ப் பருவ மழையே அதை நிரப்புகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். அளவுக்கு மீறிப் பசளை இட்டால் நைத்திரேற்று கிணற்றில் இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு எல்லை, குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேலாகவே பதிவாகியுள்ளது. ஆகவே ஒரு பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) எவ்வளவு நீர், எவ்வளவு யூரியா என்று கணக்கிடும் திறமை பாடத்தின் நடுவில் இருக்க வேண்டும். அது பின்னிணைப்பாகிவிட்டால், நாம் பயிற்றுவிப்பவர் கிணற்றைக் கெடுக்கவே பயிற்றப்படுகிறார்.

மானிப்பாய்: என்.வி.கியூ. (தேசியத் தொழிற்தகைமை) 4 முடித்தால் அரச வேலை கிடைக்குமா?

நான்காம் மட்டம் தனித்து வேலை செய்யக்கூடிய திறமையாளருக்கு உரியது. அது நியமனக் கடிதம் அன்று. ஆட்சேர்ப்பு நிபந்தனைகளை வர்த்தமானியில் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, நீங்கள் சேரும் நெறி தரச்சான்று பெற்றதா என்று இரண்டையும் கேளுங்கள். ஒன்று இருப்பதால் மற்றது இருப்பதாகாது.

சாவகச்சேரி, ஆசிரியை: உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படித்த பிள்ளைகளுக்கு இப்பயிற்சி மீள்பாடமாகத் தோன்றுகிறதே?

உண்மை. 2013இல் தொழினுட்பப் பிரிவு தொடங்கியபோதே இரண்டையும் இணைத்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்ததை முதலில் மதிப்பிட்டுவிட்டு, இல்லாததை மட்டும் கற்பியுங்கள். தென்மராட்சியில் அது பெரும்பாலும் பதப்படுத்தலாக இருக்கும்: பலாவும் மாவும் பருவத்தில் குவிந்து வீணாகும் இடத்தில், உலர்த்தல், பொதியிடல், சுட்டுத்துண்டு விதிகள் ஆகியவற்றை அறிந்தவருக்கு வேலை உண்டு.

சுன்னாகம்: ட்ரோன் மூலம் மருந்து தெளிக்கும் பயிற்சியைச் சேர்க்கலாமா?

இப்போது வேண்டாம். பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். இங்குள்ள பல தோட்டங்கள் அதற்கும் குறைந்தவை. முதுகில் சுமக்கும் தெளிகருவியின் நுனியை அளவுதிருத்தவும், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாள்களைக் காக்கவும் முதலில் கற்பியுங்கள்.

உரும்பிராய்: வேலைச் சந்தை என்கிறீர்கள். தோட்டக் கூலியைத் தவிர இங்கே என்ன வேலை இருக்கிறது? படித்த பிள்ளை கூலிக்குப் போகுமா?

இதை நான் ஏற்கவில்லை. நாற்று உற்பத்தி, நீர்ப்பாசனப் பொருத்தல், சூரியசக்திப் பம்பு திருத்தல், வெங்காய உண்மை விதை (பூவிலிருந்து பெறும் விதை) உற்பத்தி, இரு சக்கர உழவு இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆள் தேடுபவர்களை நான் அறிவேன்.

உரும்பிராய் மீண்டும்: அவை ஊருக்கு ஒருவருக்கே போதும். மற்றவர்கள்?

வட்டுக்கோட்டை இடையில்: சந்தையில் நிறையில் பத்து வீதம் கழிவு எடுக்கிறார்கள். அந்த நிலையில் சுயதொழில் செய்யச் சொல்வது நியாயமா?

இருவரின் கேள்வியும் பாடத்திட்டத்தின் உண்மையான இடைவெளியைத் தொடுகிறது. இங்கே சம்பளம் கொடுத்து ஆள் எடுப்பவர் குறைவு. பயிற்சி பெற்றவர் பெரும்பாலும் தம் குடும்பத் தோட்டத்துக்கே திரும்புகிறார். அப்படியானால் வேலைச் சந்தை என்பதன் பெரும்பகுதி அவருடைய விளைச்சல் விற்கும் சந்தைதான். பரப்புக்கான செலவுக் கணக்கு, கழிவு எடுத்தபின் கையில் எஞ்சும் விலை, கூட்டாக விற்கும் முறை, அறுவடையை நாள் பிரித்துச் செய்வது ஆகிய எல்லாம் தொழில்நுட்பப் பாடங்களுக்கு இணையான நேரத்தைப் பெற வேண்டும். கழிவு நியாயமற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. பாடம் அதை ஒழித்துவிடாது, ஆனால் தன் நட்டத்தை எழுத்தில் காட்டக்கூடிய தோட்டக்காரரோடு பேரம் பேசுவது வேறு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டு நவம்பரில் தடை நீங்கிய காலத்தையும் நினையுங்கள். பசளை அட்டவணையை மனப்பாடம் செய்தவருக்கு அப்போது அது உதவவில்லை. மண் பரிசோதனை முடிவைப் படிக்கத் தெரிந்தவரால், கையில் இருந்த பசளையை எங்கே இடுவது என்று முடிவு செய்ய முடிந்தது.

நெல்லியடி: என்.வி.கியூ. சான்றிதழால் அரச வேலை...

மானிப்பாய் உறுப்பினருக்கு எழுதியதைப் படியுங்கள். கேள்வி அனுப்புமுன் மேலே உள்ளவற்றை வாசிக்குமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அச்சுவேலி: மகள் ஆடு வளர்ப்புப் படிக்க விரும்புகிறாள்.

அது என் துறை அன்று. உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தை அணுகுங்கள்.

காரைநகர்: அப்பா நெடுங்காலத் தோட்டக்காரர், சான்றிதழ் எதுவும் இல்லை. அவரும் தகைமை பெறலாமா?

பெறலாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி உண்டு. வகுப்பில் இருக்கத் தேவையில்லை, செய்யும் வேலையை மதிப்பீட்டாளர் முன் காட்ட வேண்டும். விற்பனைப் பற்றுச்சீட்டுகள், தோட்டத்தின் புகைப்படங்கள், கமநல சேவை நிலையப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். விண்ணப்பத்தை ஏற்கும் நிலையம் பதிவு பெற்றதா என்று இங்கும் முதலில் கேளுங்கள். தகைமை கிடைத்தபின், பயிலுநர் இருவரைச் செய்முறைப் பயிற்சிக்காகத் தோட்டத்தில் ஏற்க அவர் சம்மதிப்பாரா என்றும் கேட்டு எழுதுங்கள். அத்தகைய இடங்கள் எங்களுக்கு மிகவும் தேவை.