புது மெஷினும் அப்பா காலத்து மாஸ்டரும்

கேள்வி: திருப்பூரில் அப்பா நடத்திய சாயப்பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். கடன் வாங்கி, கிலோ துணிக்கு ஐந்து லிட்டர் தண்ணீரில் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் இறக்கினேன். அப்பா காலத்து டையிங் மாஸ்டரோ, "இதில் ஷேடு நிற்காது, கேட்ட நிறம் வராது" என்று எல்லா லாட்டையும் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணி) பழைய எட்டு லிட்டர் மெஷினுக்கே தள்ளுகிறார். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியரிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. அவருக்கு மரியாதையாக ஓய்வு கொடுத்துவிடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம். அவர் எந்த ரெசிபியை வைத்து ஓட்டினார் என்று முதலில் கேளுங்கள். பழையதை அப்படியே போட்டிருந்தால், அவர் சொல்வது சரிதான். தண்ணீர் குறைந்தால், பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் துணியில் கூடுதலாகப் பிடித்து ஷேடு ஆழமாகிவிடும். சாயத்தைத் துணியில் ஏற்றும் உப்பையும் அதை நிலைக்க வைக்கும் சோடாவையும் பழைய வேகத்தில் விட்டால் சாயம் அவசரமாக ஏறித் திட்டுத்திட்டாக நிற்கும். ஒவ்வொரு ஷேடுக்கும் லேபில் புதிதாக அளவு பிடித்தாக வேண்டும். மெஷின் விற்றவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

உங்கள் கணக்கிலும் தவறில்லை. 500 கிலோ லாட்டுக்குப் பழைய மெஷினில் 4,000 லிட்டர், புதியதில் 2,500. லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 240 கிலோ 150 ஆகிறது. 2011 ஜனவரியில் கழிவுநீரால் ஆறு கெட்டதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை உங்கள் அப்பா மறந்திருக்க மாட்டார். நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் இந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பில் அது போகாது, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டியும், அதில் மிஞ்சும் உப்புநீரை வற்றவைக்க ஆவியாக்கும் கலனும் வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான். ஆனால் ஒரு லாட் ஷேடு தவறி மறுபடி சாயத்துக்குப் போனால், மிச்சம் பிடித்ததெல்லாம் அன்றே கரைந்துவிடும். அதைத் தடுக்கக்கூடியவர் உங்கள் மாஸ்டர்.

அவரை இன்ஜினியருக்குக் கீழே வைக்காதீர்கள். ரெசிபியும் ஷேடு ஒப்புதலும் மாஸ்டர் கையில் இருக்கட்டும். அவர் சொல்லும் நேரத்தையும் அளவையும் மெஷினில் ஏற்றுவது இன்ஜினியர் வேலை. பரீட்சார்த்த லாட் கெட்டால் பழி யார் மேலும் விழாது என்று இருவர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். இத்தனை ஆண்டுகள் ஒவ்வொரு லாட்டுக்கும் தனியாகப் பதில் சொன்னவர், தனக்குப் பழகாத மெஷினுக்காகத் திட்டு வாங்கத் தயங்குவது இயல்பு. மறு சாயம் குறைந்தால் கிடைக்கும் லாபத்தில் இருவருக்கும் போனஸ் கொடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவர் லேபுக்கே வர மறுத்தால், அப்போது ஓய்வைப் பற்றிப் பேசலாம்.

உப்பு மூட்டை சுமந்த ஹெல்பர்களுக்கு என்ன வேலை தரப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வதந்தி கிளம்பினால் பாதிப் பேர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்கள்.

கறுப்பு, நேவியில் தொடங்குங்கள். உப்பு அதிகம் மிச்சமாவதும் திட்டு எளிதில் தெரியாததும் அவற்றில்தான். வெளிர் நிறங்கள் பிறகு வரட்டும். சீராக ஏற்றுவது சிரமமான டர்க்காய்ஸை (பச்சை கலந்த நீலம்) எப்போது எடுப்பது என்பதை மாஸ்டரிடமே விட்டுவிடுங்கள்.