அள்ளி என்றால் அள்ளிக் கொடுத்ததா?

வணக்கம் ஐயா,

பாலக்கோடு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மாரண்டஅள்ளி, எர்ரனஅள்ளி, பெலமாரனஅள்ளி என்று இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் அள்ளிதான். அதியமான் அள்ளி அள்ளிக் கொடுத்த ஊர்கள் என்கிறார்கள். சரியா? ஒகேனக்கல்லுக்கும் பொருள் சொல்லுங்களேன்.

ஒரு வாசகர்

வணக்கம்.

அதியமானுக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது வேறு விதம்.

அள்ளி நம்முடைய பள்ளிதான். பாடசாலை என்பது பின்னால் ஏறிய பொருள். படுக்கை, துறவியர் தங்குமிடம், சிற்றூர் என்பவை பழைய பொருள்கள். பழங்கன்னடத்திலும் பள்ளிதான். ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே சொல்முதல் பகரம் ஹகரமாக மாறியது. பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. அப்படியே பள்ளி ஹள்ளி. தமிழ் நாக்கு ஹகரத்தை விழுங்கிவிடும், மிச்சம் அள்ளி. வேப்பனஹள்ளி போன்ற சில பெயர்கள் எழுத்தில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

ஒகேனக்கல்லையும் இப்படியே பிரியுங்கள். விழுந்த ஹ-வை முன்னால் வைத்தால் ஹொகெ. அந்த இடத்தில் ப வைத்தால் பொகெ, அதாவது புகை. காவிரி பாறையில் மோதித் தெறிக்கும் திவலை புகையாக எழுவதால் புகைக்கல். ஓசூரும் அதே கதை: ஹொச, பொச, புது. நம் கணக்கில் அது புத்தூர்.

எல்லாவற்றுக்கும் இந்தச் சாவியைப் போடாதீர்கள். அனுமன்தீர்த்தத்தில் விழுந்த ஹ வடமொழியுடையது, அதற்கு முன் பகரம் இருந்ததில்லை. அரூரை ஆங்கிலத்தில் ஹ போட்டு எழுதுகிறார்களே என்று ‘பரூர்’ தேடிப் போனாலும் வழி தவறும். ஹள்ள என்று முடிந்தால் அது ஹள்ளி அல்ல. ஓடை, நம் பள்ளம்.

இனி அதியமான். திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் ஒரு குகை. அங்கே 1981இல் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒரே வரிதான்: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி’. அசோகன் கல்வெட்டில் சேர சோழ பாண்டியரோடு வரும் சதியபுதோ யார் என்ற பழைய கேள்விக்கு விடை சொன்ன வரி இது. ஈத்த என்றால் கொடுத்த. அந்த எழுத்துமுறையில் இரட்டை மெய்யைச் சில இடங்களில் ஒற்றையாகப் பொறிப்பதும் உண்டு. ஆகவே கடைசிச் சொல்லில் இன்னொரு ள் சேர்த்துப் படியுங்கள்.