வாசிக்கிறார்கள், விளங்கவில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூர் மாவட்டத்தில் நடுநிலைப்பள்ளி ஆசிரியை நான். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறாமல் வாசிக்கிறார்கள். ஆனால் என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பத்தி கொடுத்து மையக்கருத்து எழுதும் பயிற்சியை வாரந்தோறும் செய்கிறேன், முன்னேற்றமில்லை. தினமும் இருபது நிமிடம் ஒதுக்க முடியும். எதைப் படிக்கவைப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

‘மேட்டூர் நீர்மட்டம் சரிந்திருப்பதால் ஜூன் 12-இல் அணை திறக்கப்படுவது ஐயமே.’ நாளிதழில் வரக்கூடிய வரிதான். உங்கள் பிள்ளைகள் பிழையின்றி வாசித்துவிடுவார்கள். மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளையோ திக்கித் திணறி வாசித்தாலும், “அப்படியென்றால் குறுவை இல்லை, சம்பா மட்டும்தான்” என்று சொல்லிவிடும். ஜூன் தண்ணீரை நம்பி நடும் நெல்லான குறுவையோ, அதற்குப் பின் வரும் சம்பாவோ அந்த வரியில் சொல்லாகக்கூட இல்லை. பொருளைப் பற்றி முன்பே தெரிந்திருப்பதுதான் விளங்கவைக்கிறது.

அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தின் வருணனை ஒன்றைக் கொடுத்து, படித்ததைப் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத ‘நல்ல வாசகர்களை’ மிஞ்சிவிட்டார்கள்.

ஆகவே ‘பொருத்தமான தலைப்பு தருக’ என்று எத்தனை முறை கேட்டாலும் பெரிதாக எதுவும் நடக்காது. (முதல் வரியின் முதல் இரு சொற்களை எழுதி மதிப்பெண் வாங்கும் வித்தை நம் பிள்ளைகளுக்கு அத்துப்படி.)

திங்கள் விண்வெளி, செவ்வாய் தெனாலிராமன், புதன் டெங்கு என்று தாவாதீர்கள். மூன்று வாரம் ஒரே பொருளில் இருங்கள். காவிரியையே எடுக்கலாம்; உங்கள் நொய்யலும் அமராவதியும் அதில்தானே போய்ச் சேர்கின்றன. கல்லணை, 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணை, 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, குறுவை, சம்பா, பிறகு கர்நாடகத்துடனான வழக்கு. மதகு, பாசனம், கன அடி என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மூன்றாம் வாரத்தில் அருஞ்சொற்பொருள் தேவைப்படாது. அப்போது அணை பற்றிய செய்தித்தாள் நறுக்கு ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

முதல் சில நாட்கள் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். இந்த வயதில் பலருக்குத் தாமே படித்து விளங்குவதைவிடக் கேட்டு விளங்குவது அதிகம். பிறகு அவர்கள் படிக்கட்டும். நாள்தோறும் இரண்டு வரி நோட்டில் எழுதினால் போதும்.

கதைப் புத்தகங்களைப் பிடுங்கச் சொல்லவில்லை. அவை வீட்டுக்குப் போகட்டும். மையக்கருத்துப் பயிற்சியை மாதம் ஒருமுறை வையுங்கள், அதுவும் அவர்கள் படித்து முடித்த பொருளில்.