கொட்டகைக்குக் கடன் வேண்டாம், முதலில் மச்சினன் கணக்கை முடியுங்கள்

கேள்வி: பண்ருட்டி பக்கம், முந்திரித் தோப்பை ஒட்டி எங்கள் ஓட்டு வீடு. போன சித்திரையில் பக்கத்துத் தோப்பில் சருகு கொளுத்தியது பரவி, முன்னால் இருந்த கீற்றுக் கொட்டகை முழுக்க எரிந்துவிட்டது. வீடு மயிரிழையில் தப்பியது. இரவில் காற்று அடித்தாலே தூக்கம் போய்விடுகிறது. தகர ஷீட் போட 1,10,000 கேட்கிறார்கள். மச்சினன் தொழிலுக்காக 4 வருடம் முன்பு மனைவியின் நகையை 1 லட்சத்துக்கு அடகு வைத்தோம், இப்போது 2,40,000-இல் நிற்கிறது. பர்சனல் லோன் எடுக்கலாமா? வருடம் 60,000 கட்டும் யூலிப் போட்டால் வீட்டுக்கும் பாதுகாப்பு என்கிறார் ஒரு ஏஜெண்ட்.

பதில்: 1 லட்சம் எப்படி 2,40,000 ஆனது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு வருடமும் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறீர்கள், தங்கம் விலை ஏறியதால் வங்கி கூடுதலாகத் தருகிறது, அந்தக் கூடுதலை மச்சினன் கேட்டு வாங்கிப் போகிறார். தீயைவிட இதுதான் உங்களை எரிக்கிறது. 12 சதவீதம் என்று வைத்தால் இந்த வருட வட்டி மட்டும் 28,800, அதாவது மாதம் 2,400. நான்கு வருடத்தில் தோராயமாக 80,000 போயிருக்கும். ஷீட் கூரையில் முக்கால் பங்கு அது.

நான்கு வருடத்தில் தங்கம் ஏறிய ஏற்றத்துக்கு, நகையில் ஒரு பகுதியை விற்றாலே கடன் முழுதும் அடைந்து மீதி வீட்டுக்கு வந்துவிடும். மனசு கஷ்டப்படும், தெரியும். ஆனால் இன்னும் இரண்டு தடவை திருப்பி வைத்தால் மீதி என்று ஒன்று இருக்காது.

அப்புறம் கூரை. 1,10,000-ஐ 15 சதவீதத்தில் 3 வருடக் கடனாக எடுத்தால் மாதம் 3,800 போல வரும், வட்டியே 27,000. அந்த 3,800-ஐயும் மிச்சமாகும் 2,400-ஐயும் சேர்த்துப் போடுங்கள், 18 மாதத்தில் 1,11,600 கையில் இருக்கும். அதுவரை கொட்டகை இல்லாமல் இருங்கள், செலவு குறைவு என்று மறுபடி கீற்று மட்டும் வேய்ந்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் காட்டுத்தீயில் போன வீடுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, நெருப்பு நேராக வந்து தொட்டதைவிட, காற்றில் பறந்து வந்த கங்கு விழுந்து பிடித்த வீடுகளே அதிகம் என்பதுதான். அதனால்தான் சுவரிலிருந்து 5 அடிக்குள் எரிகிற எதுவுமே கூடாது, விறகை 30 அடி தள்ளி அடுக்கு என்கிறார்கள். நம் ஊருக்கும் இது அப்படியே பொருந்தும். குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு வீட்டில் ஓட்டு இடுக்கில் கையை விட்டேன், ஒரு பிடி முந்திரிச் சருகு மொறுமொறுவென்று வந்தது! அதன் மேல் ஒரு பொறி விழுந்தால் போதும். மாசி கடைசியில் ஓட்டையும் வாசலையும் சுத்தம் செய்ய ஒரு நாள் ஆள்கூலிதான் ஆகும். முந்திரித் தோலில் எண்ணெய் இருக்கிறது, அதை அடுப்புக்கென்று திண்ணை ஓரம் குவித்து வைக்காதீர்கள்.

யூலிப்பா? வேண்டவே வேண்டாம். அது ஆயுள் காப்பீடும் முதலீடும் கலந்தது, 5 வருடம் பணத்தை எடுக்க முடியாது, வீடு எரிந்தால் ஒரு ரூபாய் தராது. உங்களுக்கு வேண்டியது பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் முதல் இருக்கிற வீட்டுக் காப்பீடு, பொதுக் காப்பீட்டு (ஜெனரல் இன்ஷூரன்ஸ்) நிறுவனங்களில் கிடைக்கும். தீ, புதர்த்தீ, காட்டுத்தீ மட்டுமல்ல, புயலும் வெள்ளமும் அதில் அடக்கம். 2011 தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரருக்கு இதற்கு மேல் என்ன சொல்ல. ஏஜெண்ட் கேட்ட 60,000-இல் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மனை விலையைச் சேர்க்காமல், வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் தொகைக்குப் போடுங்கள். கீற்று, ஓடு எதுவானாலும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

மச்சினனிடம் இனி நகை இல்லை என்று நீங்கள் சொல்வதைவிட உங்கள் மனைவி சொல்வது நல்லது. அடுத்து திருப்பி வைக்கும் தேதிக்கு முன்பே அடகு ரசீதை எடுத்து வைத்து மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள், நகை அவருடையது.